முயல் வேட்டை: சுடுவதிலிருந்து சமைப்பது வரை

வேட்டை என்றதும் துப்பாக்கியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் கறி வாயில் வைக்கும்படி இருக்குமா என்பது, முயல் விழுந்த பிறகு வரும் அரை மணி நேரத்தில்தான் முடிவாகிறது. எனவே சுடுவதைச் சுருக்கி, சுத்தம் செய்வதை விரித்து எழுதுகிறேன்.

1. முதலில் சட்டம்

சொந்த நிலம் என்பதாலேயே வேட்டை உரிமை வந்துவிடாது. இந்தியாவில் காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். அனுமதிக்கும் நாடுகளிலும் துப்பாக்கி உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. இடமும் நேரமும்

விடியலிலும் அந்தியிலும்தான் முயல் மேய வரும். புதர் ஓரத்தில் புதிய புழுக்கை, வளை வாயில் ஈரம் காயாத மண் இரண்டையும் பார்த்தால் அதுதான் இடம். காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி உட்காருங்கள். முதுகில் அடித்தால் உங்கள் வாசனை முந்திக்கொண்டு போய்விடும்.

3. சுடுதல்

16 ஜூல் ஆற்றலுள்ள 5.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி போதும். ஆனால் 30 மீட்டருக்குள் சுடுங்கள். கண்ணுக்கும் காதின் அடிக்கும் நடுவே குறி வையுங்கள். வயிற்றில் பட்டால் முயலுக்கு வேதனை, கறியும் பாழ். அட்டையில் 3 செ.மீ. வட்டம் வரைந்து, ஒவ்வொரு ரவையும் அதற்குள் விழும்வரை பழகிவிட்டு வாருங்கள். நூறு மீட்டரில் அடித்ததாகச் சொல்பவர்கள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். அவர்களை நம்ப வேண்டாம்.

முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடாதீர்கள். சிறிய 0.22 அங்குலத் தோட்டாகூட ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும்; கல்லில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

4. வயிற்றைத் திறத்தல்

குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையாவிட்டால் உயிர் போய்விட்டது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. துலரேமியா என்னும் நோயின் கிருமி கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே உடம்புக்குள் புகுந்துவிடும். கண் வீங்கிய முயலையும், ஓடத் தெம்பில்லாமல் தள்ளாடும் முயலையும் உணவுக்கு எடுக்காதீர்கள்.

தலை மேலே இருக்கும்படி தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் அடிவயிற்றை வால் பக்கமாக அழுத்தி வழியுங்கள். மூத்திரம் முழுவதும் வெளியேறிவிடும். இதைச் செய்யாமல் கத்தியை வைப்பவர்கள்தான் முயல் கறி நாறுகிறது என்று பிறகு புலம்புவார்கள்.

மல்லாக்கக் கிடத்தி, வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி, விரல் நுழையும் அளவுக்கு மட்டும் கீறுங்கள். இரண்டு விரல்களை உள்ளே விட்டு விரித்து, அவற்றுக்கு நடுவே கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்க, விலா எலும்பு வரை அறுங்கள். கூர் கீழ்நோக்கினால் குடல் கிழியும். பிறகு மேலிருந்து கீழாக ஒரே இழுவையில் குடலை எடுத்துவிடலாம்.

ஈரலைப் பாருங்கள். கருஞ்சிவப்பாக, வழவழப்பாக இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அந்த முயலை அப்படியே ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். நல்ல ஈரலென்றால், அதில் ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பித்தப்பையை உடைக்காமல், சுற்றியுள்ள சதையோடு சேர்த்து வெட்டி எறியுங்கள்.

5. தோல் உரித்தல்

பாதங்களை மூட்டில் வெட்டிவிட்டு, வயிற்றிலிருந்து தொடங்கிப் பின்னங்கால்களை விடுவியுங்கள். அதன்பின் ஈரச் சட்டையைக் கழற்றுவதுபோல் தலைப்பக்கமாக இழுத்தால் தோல் வந்துவிடும். தோலை நனைக்காதீர்கள், நனைந்தால் முடி கறியில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். முன்னங்கால் அக்குளில் மெழுகுபோல் இருக்கும் சிறு சுரப்பிகளையும், ரவை பட்டுக் கன்றிய சதையையும் தாராளமாகச் செதுக்கி எறியுங்கள். ஈயத்துணுக்கு அங்கேதான் இருக்கும்.

6. ஆறவிட்டுச் சமைத்தல்

உடல் விறைத்திருக்கும்போது சமைத்தால் கறி ரப்பராகிவிடும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு நாள் மூடி வையுங்கள்.

காது எளிதில் கிழிந்தால் இளம் முயல், வறுக்கலாம். கிழ முயலைச் சிறு தீயில் ஒன்றரை மணி நேரமாவது வேகவிடுங்கள். காட்டு முயலில் கொழுப்பு அநேகமாகக் கிடையாது என்பதால் எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். எதுவானாலும் கறியின் உள்வெப்பம் 74 டிகிரியைத் தொட்ட பிறகே இறக்குங்கள்.