படுக்கையின் அளவுக்கு ஜெபம்: இறுதி நோயிலிருக்கும் துணையைக் கவனிப்பவர்களுக்கு

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்பிய மனைவியையோ கணவரையோ கவனித்துக்கொண்டு, அதற்கிடையே எப்படி ஜெபிப்பது என்று தெரியாமல் தவிக்கும் கிறிஸ்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறையாற்றுக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் என் மனைவியைப் பதினான்கு மாதங்கள் அவ்வாறு பார்த்துக்கொண்டேன். நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவன். அவள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கடைசிவரை ஜெபமாலையைக் கைவிடாதவள். நான் ஜெபம் என்று எழுதுவதை அவள் செபம் என்று எழுதுவாள். முப்பத்தொரு ஆண்டுகளில் அந்த ஓர் எழுத்தைப் பற்றி நாங்கள் ஒரு முடிவுக்கு வரவேயில்லை. ஆகையால் இரு சபையாருக்கும் பயன்படும்படியே சொல்ல முயல்கிறேன்.

ஜெபத்தைச் சுருக்குதல்

முதலில் மாற்ற வேண்டியது குடும்ப ஜெபத்தின் நீளம். எங்கள் பக்கத்தில் குடும்ப ஜெபம் என்றால் ஒரு பாட்டு, வேதத்தில் ஓர் அதிகாரம், பிறகு நாட்டுத் தலைவர்கள் முதல் தெருவிலுள்ள விதவைகள் வரை அனைவரையும் நினைவுகூரும் நீண்ட விண்ணப்பம் என அரை மணி நேரம் ஆகிவிடும். வலியில் கிடப்பவரால் அவ்வளவு நேரம் மனத்தைக் குவிக்க இயலாது. இயலாதபோது தம் விசுவாசமே குறைந்துபோயிற்று என்று எண்ணிக் கலங்குவார். முதல் இரண்டு மாதங்கள் நாங்கள் அந்தத் தவற்றைத்தான் செய்தோம். ஒரு நாள் நான் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்ததை எங்கள் மகள் பார்த்துச் சொன்ன பிறகுதான், ஜெபத்தைப் படுக்கையின் அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

அதற்கு நாங்கள் கண்ட வழி, தனியாக ஜெப நேரம் ஒதுக்குவதை விட்டுவிட்டு, எப்படியும் செய்தாக வேண்டிய வேலைகளோடு ஜெபத்தைச் சேர்த்துவிட்டதுதான். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கும்போது ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்ற ஒரே வரி. மாத்திரை கொடுக்கும்போது, அது வேலை செய்யட்டும் என்று ஒரு வாக்கியம். கஞ்சி ஊட்டுவதற்கு முன் அவள் சிறுவயதில் சொல்லிய உணவு ஜெபம். இவ்வளவுதான். ஒரு நாளில் இது பன்னிரண்டு முறைக்கு மேல் நடக்கும். ஒன்றும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது.

ஜெபத்தின் சொற்களை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும், அதுவும் அவர் எந்த வடிவில் மனப்பாடம் செய்தாரோ அந்த வடிவிலேயே இருக்கட்டும். எங்கள் வீட்டில் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று நான் தொடங்கினால் அவள் பின்தொடரமாட்டாள். ‘பரலோகத்தில் இருக்கிற’ என்று தொடங்கினால் அரைத் தூக்கத்திலும் உதடு அசையும். பங்குக் கோயிலில் ‘அருள்நிறைந்த மரியே’ என்று சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும், மருந்தின் மயக்கத்தில் அவள் வாயிலிருந்து வந்தது அவள் அம்மாச்சி கற்றுக்கொடுத்த அதன் பழைய வடிவமான பிரியதத்த மந்திரமே. ஐம்பத்து மூன்று மணியையும் முடிக்க வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். ஒரு பத்து மணி போதும், அதுவும் இயலாவிட்டால் மாலையைக் கையில் சுற்றிவிட்டு நீங்கள் சொல்லுங்கள். மரியாளை நோக்கி மன்றாடாத சபையில் வளர்ந்த எனக்கு இது முதலில் நெருடலாகத்தான் இருந்தது. ஆனால் அது அவளுடைய படுக்கை.

எதைக் கேட்பது

சுகத்துக்காக ஜெபிப்பதா, நல்ல மரணத்துக்காக ஜெபிப்பதா என்ற கேள்வி கட்டாயம் வரும். இரண்டையும் கேட்கலாம். கெத்செமனேயில் இயேசுவே பாத்திரம் நீங்க வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார். பவுல் தம் முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டினார், அது நீங்கவில்லை. எப்போது வேண்டுதலை மாற்றுவது என்பதை நோயாளியிடமே விட்டுவிடுங்கள். பத்தாம் மாதத்தில் என் மனைவி, “என்னங்க, இனிமே சுகத்துக்குக் கேக்காதீங்க, பயமில்லாம போகணும்னு கேளுங்க” என்றாள். அன்று முதல் அவள் பக்கத்தில் அதை மட்டுமே கேட்டேன். கொல்லையில் போய் நின்று வேறு கேட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

கோபம் வந்தால் அதையும் ஜெபமாகவே சொல்லுங்கள். 13-ஆம் சங்கீதம் ‘எதுவரைக்கும்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் ஓர் ஆறுதல் வரிகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அப்படியொரு சங்கீதம் வேதத்தில் விட்டுவைக்கப்பட்டிருப்பதே எனக்கு 23-ஆம் சங்கீதத்தைவிடப் பெரிய ஆறுதலாக இருந்தது. எனினும் இவற்றை நோயாளியின் முன் சத்தமாக வாசிக்காமல் தனியே வாசிப்பது நல்லது.

‘இந்தத் தலையில் இன்ன நாளுக்குள் முடி இறக்குகிறேன்’, ‘குணமானால் வேளாங்கண்ணிக்கு நடந்தே அழைத்து வருகிறேன்’ என்று நோயாளியின் உடலை வைத்துப் பொருத்தனை செய்யாதீர்கள். நிறைவேறாவிட்டால் அந்தக் கடன் அவர் மனத்தில்தான் ஏறும். போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால் அது வேறு. அப்போது ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான திருவிழாக் கூட்டத்தைத் தவிர்த்து, ஏதாவதொரு வேலை நாளில், வலி மாத்திரையின் வேளையைக் கணக்கிட்டுக் காரில் கூட்டிச் செல்லுங்கள். காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக நாங்கள் போனபோது அவளால் இறங்க முடியவில்லை. கதவைத் திறந்து வைத்துக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வலியும் விசுவாசமும்

வலி மருந்தைக் குறைத்து அதைச் சிலுவையாகச் சுமக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். சிலுவையில் அறையப்படுமுன் இயேசு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை வாங்கவில்லையே என்று எனக்கே ஒருவர் எடுத்துக்காட்டினார். அது அவர் தமக்கென்று எடுத்த முடிவு; மடிந்துபோகிறவனுக்கு மதுவைக் கொடுங்கள் என்று நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம் சொல்கிறது. வலியைத் தணிக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும், நோக்கம் வலியைத் தணிப்பதே என்றால் அதைத் தரலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இலேயே மருத்துவர்களிடம் சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அவ்வாறே போதிக்கிறது. மருத்துவர் மார்ஃபின் எழுதித் தந்தால், வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வலி வருமுன் அவர் சொன்ன மணிக்குக் கொடுப்பதே முறை. கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இத்தகைய நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். படுக்கைப் புண்ணைத் தவிர்க்க வாங்கும் காற்றுப் படுக்கை மின்சாரத்தில் ஓடுவது. கஜா புயலுக்குப் பின் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை நம் பகுதியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஐப்பசி பிறப்பதற்குள் மாற்று வழி செய்துகொள்ளுங்கள்.

வருகிறவர்கள்

ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ஆரஞ்சுப் பழத்தோடும் வருகிறவர்களால் சிக்கல் இல்லை. விசுவாசம் இருந்தால் இந்நேரம் எழுந்து நடந்திருப்பீர்களே என்று படுக்கையருகே நின்று சொல்லும் ஊழியக்காரர்களால்தான் சிக்கல். அப்படி ஒருவர் வந்துபோன இரவு அவள் உறங்கவில்லை; தான் செய்த பாவங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். யோவான் 9-ஆம் அதிகாரத்தை எடுத்து, இவன் பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்களின் பாவமும் அல்ல என்று ஆண்டவர் சொன்னதை வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகு நான் வாசலிலேயே, “ஐயா, ஒரு சங்கீதம், ஒரு சின்ன ஜெபம், அஞ்சு நிமிஷம். நோயைப் பத்தி ஒண்ணும் பேச வேணாம்” என்று சொல்லிவிடுவேன். சிலர் வருத்தப்பட்டார்கள், படட்டும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தவரை அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை.

எதிர்வீட்டு அக்கா வைத்தீஸ்வரன் கோயிலிலிருந்து, நோய் தீர உட்கொள்ளும் பிரசாதமான திருச்சாந்துருண்டையை வாங்கிவந்து தந்தபோது என் மனைவி இரு கையாலும் வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். உட்கொள்வதா என்பது அவரவர் மனச்சாட்சி. திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

சபையாரிடம் ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லாமல் நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அன்பியத்திலோ மரியாயின் சேனையிலோ பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ, வியாழக்கிழமை இரவு பத்து முதல் இரண்டு வரை ஒருவர் உட்கார முடியுமா என்று கேட்டால் ஆள் வரும். அந்த நேரத்தில் நீங்கள் ஜெபிக்க வேண்டாம், தூங்குங்கள். சாக வேண்டுமென்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவுக்கு தேவதூதன் உபதேசம் செய்யவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்து இரண்டு முறை தூங்கவிட்டான்.

குருவானவரை அழைத்தல்

இதில் தாமதிக்காதீர்கள். அவஸ்தைப் பூசுதல் என்ற பழைய பெயரின் பயம் இன்னும் போகாததால், சாமியார் எண்ணெயோடு வந்தால் நோயாளி நம்பிக்கை இழந்துவிடுவார் என்று பலர் கடைசி மணிவரை ஒத்திப்போடுகிறார்கள். 1972-இல் ஆறாம் பவுல் சீர்திருத்திய முறைப்படி அது நோயில் பூசுதல். கடும் நோயின் தொடக்கத்திலேயே பெறலாம், நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். நினைவு தெளிவாக இருக்கும்போது நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசப்படுவதை அவர் உணர்ந்து ‘ஆமென்’ சொல்ல வேண்டாமா? நற்கருணை அப்பத்தை விழுங்க முடியாதவருக்கு இரசத்தை மட்டும் தரவும் கத்தோலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. எங்கள் லுத்தரன் சபை ஐயரும் (போதகரும்) இராப்போஜனம் கொண்டுவந்து தருவார்; விழுங்கும் திறன் போவதற்கு முன் சொல்லிவையுங்கள்.

ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பதையும் பேச்சு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நீளமாகப் பேச வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு, பட்டா முதலியவற்றை வேறொரு நாளில் பேசுங்கள்.

கடைசி நாட்களில் உணவு வேண்டாம் என்பார்; வற்புறுத்தாமல் பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்துங்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம். மெல்ல ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பதில் வராவிட்டாலும் காது கேட்கக்கூடும் என்பதால் அவருடைய ஜெபத்தை அவர் காதருகே, வழக்கமான குரலில் சொல்லுங்கள். உயிர் பிரிந்ததும் உடனே கைப்பேசியை எடுக்க வேண்டாம். பத்து நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டிருங்கள், அதே ஒரு வரியைச் சொல்லுங்கள், பிறகு கோயில் மணிக்குச் சொல்லியனுப்பலாம். மருத்துவரின் சான்றைப் பெற்று 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவுசெய்யுங்கள். மீந்த மார்ஃபினைத் தந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

புரட்டிப் படுக்க வைப்பதற்காகக் கைப்பேசியில் வைத்த இரவு இரண்டு மணி அலாரத்தை நிறுத்த நான் மறந்துவிட்டேன். அடக்கம் முடிந்த அன்றிரவு அது அடித்தது. எழுந்து கட்டிலருகே போய் நின்று, ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். மறுநாளும் அதை நிறுத்தவில்லை.