அப்ரண்டிஸ் எடுத்தால் அரசு பங்கு உண்டு: ஒரு பட்டறைக்காரனின் கணக்கு

ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து எங்கள் பட்டறையில் 22 பேர். ஐடிஐ முடித்த பையன்களை அப்ரண்டிஸாக (தொழிற்பழகுநராக) எடுத்தால் உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு தரும் என்று ஆடிட்டர் சொன்னபோது, எங்கேயோ மனுப் போட்டுக் காத்திருக்கும் மானியம் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு பழகுநரோடும் போடும் ஒப்பந்தத்தை ஒட்டித்தான் பணம் வருகிறது. ஒப்பந்தம் போடாமல் ஆறு மாதம் வேலை பார்த்த பையனுக்காகப் பின்னால் போய்க் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

முதலில் எந்தத் திட்டம் என்று பாருங்கள். ஐடிஐ முடித்தவர்களுக்கும் பள்ளிப் படிப்போடு வருபவர்களுக்கும் 2016-ல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம். இதில் மத்திய அரசின் பங்கு உதவித்தொகையில் 25 சதவீதம். ஆனால் மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. டிப்ளமோ, பட்டதாரி என்றால் கல்வி அமைச்சகத்தின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம். தென்மாநிலங்களுக்கு இதைச் சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் பார்த்துக்கொள்கிறது. இங்கே குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதி அரசுடையது.

2019 விதித் திருத்தத்தின் தொகைகளை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். (ஒப்பந்தம் போடும் நாளில் என்ன தொகை என்பதைத் திட்டத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஐடிஐ பையனுக்குக் குறைந்தபட்சம் 7,000. அதில் நாலில் ஒரு பங்கு 1,750, ஆனால் வரம்பு இருப்பதால் அரசு தருவது 1,500. மீதி 5,500 நம்முடையது. டிப்ளமோ பையனுக்கு 8,000; அரசு 4,000, நாம் 4,000. அதிகம் படித்தவனுக்கு நம் கையிலிருந்து போவது குறைவு! இதைப் பார்த்ததும் எல்லாரையும் டிப்ளமோவாகவே எடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் லேத் முன்னால் நாள் முழுக்க நிற்க மனசுள்ளவன் ஐடிஐ பக்கம்தான் கிடைக்கிறான். டிப்ளமோ ஒருவனை எடுத்து டிராயிங், அளவு சரிபார்ப்பு வேலையில் போட்டேன்.

இன்னொரு மிச்சம் பலர் கண்ணில் படுவதில்லை. 1961 தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் எடுத்தவர்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு நம்முடையதுதான். அதற்குத் தனியாக இன்சூரன்ஸ் போட்டுவிடுங்கள்.

எத்தனை பேரை எடுக்கலாம்? 30 பேர் முதல் உள்ள நிறுவனங்களுக்கு அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 வரை என்றால் நம் விருப்பம். அளவு, மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம். 22-க்கு 15 சதவீதம் 3.3, அதாவது எங்களுக்கு மூன்று பேர்.

சரி, வேலை எப்படி நடக்கும்? அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்து, எந்தத் தொழிற்பிரிவில் எத்தனை இடம் என்று போட வேண்டும். பையனும் தன் கணக்கைத் திறந்திருக்க வேண்டும். அழைப்பு அனுப்பி, அவன் ஏற்றுக்கொண்ட பிறகு ஒப்பந்தம் உருவாகும். டிப்ளமோவுக்கும் பட்டதாரிக்கும் தளம் வேறு. ஆள் கிடைக்காவிட்டால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தைக் கேளுங்கள். தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் நடக்கும் தேதி அங்கே தெரியும். எனக்கு இரண்டு பேர் அப்படி ஒரு முகாமில்தான் கிடைத்தார்கள்.

ஒப்பந்தம் ஆனபின் மாதாமாதம் செய்ய வேண்டியது, நம் பங்கைப் பையனின் வங்கிக் கணக்கில் போட்டுத் தளத்தில் பதிவது. கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லாதீர்கள். அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் உதவித்தொகை போய்விட வேண்டும். 2023-லிருந்து ஐடிஐ திட்டத்தில் அரசின் பங்கு நமக்கு வருவதில்லை, நேராகப் பையனின் கணக்குக்கே போகிறது. ஆகவே சேரும் நாளிலேயே "உன் 7,000 இரண்டு துண்டாக வரும், இரண்டும் ஒரே நாளில் வராது" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டதால் முதல் மாதமே, "சார், சம்பளத்தில் 1,500 பிடிச்சிட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

அவனுக்கு இரண்டாம் மாதமும் அரசு பங்கு வரவில்லை. தளத்தில் பார்த்தால் பணம் அனுப்பியாகிவிட்டது. அப்புறம் வங்கிக்கு அழைத்துப்போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது: பள்ளியில் உதவித்தொகைக்காக அவன் அம்மா திறந்த பழைய கணக்கில்தான் ஆதார் இணைந்திருந்தது. 3,000 ரூபாயும் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. இப்போதெல்லாம் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே, "ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது?" என்று கேட்டு, அந்த பாஸ்புக்கின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்கிறேன்.