அழித்த பைல் திரும்பத் திரும்ப வருகிறதா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

"அண்ணா, டெலீட் பண்ணிட்டேன், மறுபடியும் வந்து நிக்குது" என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவதில்லை. அதற்குள் எதையாவது செய்து சிக்கலை இன்னும் இறுக்கிவிட்டுத்தான் வருகிறார்கள். தொடக்கத்தில் நானும் அதையெல்லாம் செய்தவன்தான் என்பதால் பெரிதாகக் கோபம் வருவதில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் இன்னும் எரிச்சல். அதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தீர்களா, சரியான பைலைத்தான் அழித்தீர்களா என்ற கேள்விகளைத் தவிர்த்துவிடுகிறேன். அதெல்லாம் பார்த்திருப்பீர்கள்.

யார் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்காமல் அழித்துக்கொண்டே இருப்பது

அழிந்த பைல் தானாக எழுந்து வராது. ஒன்று, வேறெங்கோ இருக்கும் பிரதியை ஒரு செயலி கொண்டுவந்து வைக்கிறது. இல்லையென்றால், அது முதலிலேயே அழியவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருபது முறை அழித்தாலும் இருபத்தோராவது முறையும் வரும்.

சோதிப்பது எளிது. வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். பைலை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வரவில்லையா? இப்போது நெட்டை இணையுங்கள். கொஞ்ச நேரத்தில் வந்து நின்றால் வேலை சிங்க் செயலியுடையது; அதாவது, கணினியில் இருப்பதையும் இணையச் சேமிப்பில் (கிளவுடில்) இருப்பதையும் ஒன்றுபோல வைத்திருக்கும் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை. நெட் இல்லாமலே வந்துவிட்டால், காரணம் கணினிக்குள்ளோ டிஸ்க்கிலோ இருக்கிறது.

"நான் ஒன்டிரைவே யூஸ் பண்றதில்லை" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஒரு பைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் இருப்பிடத்தைப் பார்த்தால், பாதையின் நடுவில் ஒன்டிரைவ் என்று இருக்கும். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் பேக்கப் எடுக்கும் வசதிக்கு எப்போதோ 'சரி' கொடுத்திருப்பார்கள்.

கணக்கைத் துண்டித்து, மறுபடி இணைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

சிங்க் செயலி எதுவானாலும் தனக்கென ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கும். போன முறை பார்த்தபோது இங்கே என்ன இருந்தது, அங்கே என்ன இருந்தது என்று அதில் குறித்திருக்கும். ஒரு பைல் கிளவுடில் இல்லை, கணினியில் இருக்கிறது என்றால் இரண்டு அர்த்தம் இருக்க முடியும்: அங்கே அழித்திருக்கிறார்கள், அல்லது இங்கே புதிதாக உருவாக்கியிருக்கிறார்கள். எது என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் செயலி முடிவெடுக்கிறது. நீங்கள் சைன் அவுட் செய்து, கணினியை அன்லிங்க் செய்து, மறுபடி நுழைந்தால் நோட்டு போய்விடும். அப்புறம் செயலி துணிந்து எதையும் அழிக்காது. கணினியில் மட்டும் இருப்பதையெல்லாம் 'புதுசு' என்று எடுத்துக்கொண்டு மேலே ஏற்றிவிடும். அழிப்பதைவிடப் பிரதி எடுப்பது பாதுகாப்பு என்பது அதன் நியாயம். அதில் தப்பும் இல்லை.

என் உறவுக்காரப் பையன் ஒருவன் வாரக்கணக்கில் உட்கார்ந்து குடும்பப் போட்டோக்களில் இருந்த இரட்டைப் பிரதிகளைப் பார்த்துப் பார்த்து அழித்தான். பத்துப் பதினைந்து படங்கள் மட்டும் திரும்பி வந்தன. அதற்காகப் போய், வீட்டிலிருந்த கணினிகள் எல்லாவற்றிலும் சைன் அவுட் செய்து சைன் இன் செய்தான். அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய லேப்டாப்பையும் விடவில்லை. 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு போல்டர் இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமா?' என்று செயலி கேட்டிருக்கிறது. ஆமாம் என்று தட்டியிருக்கிறான். மறுநாள் அழித்த படங்கள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன. சில படங்களுக்குப் பின்னால் பழைய லேப்டாப்பின் பெயர் ஒட்டிக்கொண்டு இரண்டாவது பிரதியும் இருந்தது. இடம் நிரம்பியதால் போனில் புதிதாக எடுத்த படங்கள் மேலே ஏறாமல் நின்றுவிட்டன. அதைக் கவனிக்கவே இன்னும் சில நாள் ஆனது. அந்தப் பத்துப் பதினைந்து படங்களுக்குக் காரணம் என்னவென்று கேட்டால், சிங்க் முடியாமல் மாட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு கணினி.

எனக்கு எரிச்சல் அவன் மேல் இல்லை. 'சைன் அவுட் பண்ணிட்டு சைன் இன் பண்ணுங்க, சரியாயிடும்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைச் சொல்கிறவர்கள் மேல்தான்.

துண்டித்தே ஆக வேண்டிய நிலை வரும்தான். அப்போது மறுபடி இணைப்பதற்கு முன் பழைய சிங்க் போல்டரின் பெயரை மாற்றி, வேறு இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். செயலி புதுப் போல்டர் ஒன்றை உருவாக்கி, கிளவுடில் இருப்பதை மட்டும் இறக்கும். மேலே ஏறாமல் விட்டுப்போனவை பழைய போல்டரில் இருக்கும். தேவையானதை மட்டும் கையால் எடுத்துப் போடலாம். ஒரு எச்சரிக்கை: பெயருக்கு அருகில் மேகச் சின்னம் இருந்த பைல்கள் அப்போது கணினியில் முழுதாக இல்லை, கிளவுடில்தான் இருந்தன. பழைய போல்டரில் அவற்றைத் திறக்க முடியாது.

அழிக்கும் வேலையை பிரவுசரில், கிளவுட் பக்கத்திலேயே செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு கணினியாக இயக்கி, சிங்க் முடிந்த பச்சை டிக் வரும்வரை விடுங்கள். கை தவறினாலும் தனிநபர் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னிலும் கூகுள் டிரைவின் டிராஷிலும் 30 நாள் இருக்கும்.

ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளை வைத்து இரண்டு டிஸ்க்குகளை இருவழியாகச் சமன்செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். அதன் கணக்கு நோட்டு, இரு போல்டர்களிலும் மறைவாக இருக்கும் ஒரு சின்ன டேட்டாபேஸ் பைல். குப்பை என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டால், அடுத்த ஓட்டத்தில் ஒரு பக்கம் அழித்ததெல்லாம் மறு பக்கத்திலிருந்து வந்து சேரும்.

ஒரே போல்டரை இரண்டு சிங்க் செயலிகளிடம் கொடுப்பது

வேண்டாம்.

பென்டிரைவைத் திரும்பத் திரும்ப ஃபார்மேட் செய்வது

அழிக்கிறீர்கள், போய்விடுகிறது. கழற்றிச் செருகினால் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஃபார்மேட் செய்தாலும் அதே நிலை. மெமரி கார்டுகளிலும் இதைப் பார்க்கலாம். உள்ளிருக்கும் ஃப்ளாஷ் நினைவகம் தேய்ந்துவிட்டது; எழுதச் சொன்னதை அது எழுதுவதே இல்லை. திரையில் போய்விட்டதுபோல் தெரிவது விண்டோஸ் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பட்டியல். படிக்க முடிகிறவரை உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக்கொண்டு, டிரைவை ஒதுக்கிவிடுங்கள். எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐயோடு மல்லுக்கட்டுவது

அது போல்டரின் தோற்ற அமைப்புகளைக் குறித்துவைக்க விண்டோஸ் தனக்காக வைத்துக்கொள்ளும் பைல் (desktop.ini). மறைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். படங்களின் சிறு முன்தோற்றங்களைச் சேர்த்துவைக்கும் தம்ப்ஸ் டாட் டிபிக்கும் (Thumbs.db) இதே பதில்.

ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைந்துவிடும் என்று நம்புவது

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உள்நிலை டிஸ்க்கில் சேமிக்கப்படும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் விண்டோஸுக்கென ஒதுக்கிய பகுதியில்) கைவைத்து அழித்தால், விண்டோஸ் தன் பழைய நினைவோடு எழும்; அழித்த பைல் திரும்பத் தெரியலாம், பார்ட்டிஷனே சிதையவும் கூடும். பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிடுங்கள். அவசரத்துக்கு, ஷிப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

எடுத்த எடுப்பில் வைரஸ் என்று முடிவுகட்டி விண்டோஸை மறுபடி நிறுவுவது

வைரஸாகவும் இருக்கலாம்தான். ஆனால் யார் எழுதுகிறார்கள் என்பதைக் கையும் களவுமாகப் பிடிக்க வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் ப்ராசஸ் மானிட்டரை ஓட்டி, ஃபில்டரில் அந்த பைலின் பெயரைக் கொடுத்து, பைலை அழித்துவிட்டுக் காத்திருங்கள். பைல் திரும்பி வரும் நொடியில் அதை உருவாக்கிய ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) பெயர் வரிசையில் விழும். பல நேரம் அது ஏதாவது ஒரு அப்டேட்டராகவோ, பிரிண்டரோடு வந்த துணை மென்பொருளாகவோ இருக்கும். குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரில் அதற்கென ஒரு வரி இருக்கலாம். இருந்தால் அதை டிசேபிள் செய்துவிட்டு பைலை இன்னொரு முறை அழித்துப் பாருங்கள்.