"என்ன படிச்சிட்டு இருக்கீங்க?"ன்னு கேட்டா என்ன சொல்றது, எப்படி சொல்றது

யாராவது "இப்போ என்ன படிக்கிறீங்க"ன்னு கேட்டா நம்மள்ல பாதி பேர் அட்டைய ஒரு ஃபோட்டோ எடுத்துப் போட்டு கீழ "செம புக், மஸ்ட் ரீட்"னு எழுதிட்டு போயிடுவோம், நானும் வருஷக்கணக்கா அதைத்தான் பண்ணிட்டு இருந்தேன். லைக் வரும், ரெண்டு மூணு பேர் "லிஸ்ட்ல சேர்த்துட்டேன்"னு சொல்லுவாங்க, ஆனா ஒருத்தர்கூட படிச்சிருக்க மாட்டாங்க. ரொம்ப நாள் அவங்க மேலதான் கோவமா இருந்தேன், அப்புறம்தான் புரிஞ்சுது, இந்த புத்தகம் நமக்கு செட் ஆகுமான்னு முடிவு பண்றதுக்கு நான் எழுதினதுல எதுவுமே இல்லையே. எனக்குப் பிடிச்சிருந்துதுங்கறது என்னைப் பத்தின தகவல்தான்.

முதல்ல ஒரு விஷயத்த பிரிச்சுக்கணும். எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல நூலகத்துக்குன்னு அஞ்சு விதி எழுதினாரு, அதுல ரெண்டாவது "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்", மூணாவது "ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர்". பார்க்க ஒண்ணையே திருப்பிச் சொன்ன மாதிரிதான் இருக்கும், ஆனா ரெண்டும் வேற வேற வேலை. நீங்க படிக்கிறதப் பத்தி பொதுவா போடும்போது, புத்தகம் தனக்கான ஆளத் தேடுது. யாராவது "எனக்கு ஏதாவது சொல்லுங்க"ன்னு கேட்கும்போது ஆள்தான் புத்தகத்த தேடுறாரு. நம்ம பண்ற தப்பு என்னன்னா ரெண்டாவது வேலைக்கும் முதல் வேலையவே பண்றது, அதாவது அவர் என்ன கேட்டாலும் நம்ம கையில இருக்கிற புத்தகத்தையே அவர் தலையில கட்டுறது.

சரி, முதல் வேலையில இருந்து வருவோம். படிச்சிட்டு இருக்கிறதப் பத்தி சொல்லும்போது எங்க இருக்கீங்க, ஏன் எடுத்தீங்க, படிக்கும்போது எப்படி இருக்கு, இவ்ளோ சொன்னா போதும். எங்க இருக்கீங்கன்னு சொல்லும்போது பக்க நம்பர் வேணாம், அத்தியாயம் சொல்லுங்க. ஒரே நாவல் ஒரு பதிப்புல 280 பக்கம் இருக்கும், இன்னொண்ணுல 340 இருக்கும், கிண்டில்ல படிக்கிறவங்களுக்கு சதவீதம் ஓடும், ஆடியோவுல கேட்கிறவங்களுக்கு மணிக்கணக்கு, அத்தியாயம் ஒண்ணுதான் எல்லாருக்கும் பொது. கதைச்சுருக்கம் எழுதவே வேணாம், அது பின்னட்டையிலயே இருக்கு.

உதாரணத்துக்கு இப்படி ஒரு மெசேஜ்: "ஒரு குடும்ப நாவல், 9ஆவது அத்தியாயத்துல இருக்கேன். முதல் மூணு அத்தியாயம் பேரா வந்து குழப்பிடுச்சு, ஒரு பேப்பர்ல யார் யாருக்கு என்ன உறவுன்னு வரைஞ்சு வெச்சுக்கிட்டேன், அதுக்கப்புறம் ஸ்பீடா போகுது. பெருசா சம்பவம்னு ஒண்ணும் நடக்கல, ஆனா அந்த அக்கா தங்கச்சி பேசிக்கிறது அவ்ளோ நிஜமா இருக்கு." இதப் படிச்சதும் ஒருத்தர் "ஐயோ, பேர் ஜாஸ்தியா இருந்தா எனக்கு ஆகாது"ன்னு ஒதுங்கிடுவாரு, இன்னொருத்தர் "டைட்டில் என்ன, சீக்கிரம் சொல்லுங்க"ன்னு வருவாரு. ரெண்டு பேருக்குமே உதவிதான். முக்கியமா அந்த குழப்பத்தையும் சொல்லணும், நல்லதை மட்டும் சொன்னா விளம்பரம் மாதிரி ஆயிடும், அடுத்த தடவை நீங்க சொல்றத யாரும் நம்ப மாட்டாங்க.

இன்னொண்ணு, முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேணாம். பாதியில இருக்கும்போது சொல்றதுல ஒரு உயிர் இருக்கும், கூடவே அதை ஏற்கனவே படிச்சவங்க யாராவது இருந்தா "15 வரைக்கும் வாங்க, அப்புறம் பேசலாம்"னு பேச்சு ஆரம்பிக்கும். முடிச்சு ரெண்டு மாசம் கழிச்சு எழுதினா நல்லா இருந்துச்சுங்கிறது மட்டும்தான் ஞாபகத்துல நிக்கும், என் விஷயத்துல அப்படித்தான்.

அடுத்து ஸ்பாய்லர், அதாவது கதையில வரப்போறத முன்கூட்டியே போட்டு உடைக்கிற விஷயம். 2011ல சான் டியேகோவுல இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க, சிறுகதைகளோட முடிவ முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு படிச்சவங்களுக்கு கதை இன்னும் கொஞ்சம் அதிகமாவே பிடிச்சிருந்ததுன்னு முடிவு வந்துச்சு. இதைக் காட்டி "அப்போ சொல்லலாமே"ன்னு வாதாடுற ஒருத்தர் எல்லா க்ரூப்லயும் இருப்பாரு. சொல்லக்கூடாதுங்க. முடிவு தெரியணுமா வேணாமான்னு படிக்கிறவர்தான் முடிவு பண்ணணும், நம்ம இல்ல. டெலிகிராம், டிஸ்கார்ட் ரெண்டுலயும் வாக்கியத்துக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு ரெண்டு செங்குத்துக் கோடு போட்டா (||இப்படி||) அது மறைஞ்சிடும், தட்டினாதான் தெரியும். அந்த வசதி இல்லாத இடத்துல எத்தனாவது அத்தியாயம் வரைக்கும் பேசப்போறீங்கன்னு முதல் வரியில எழுதிட்டு, நாலஞ்சு வரி காலியா விட்டு அப்புறம் எழுதுங்க. "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு, நான் சொல்ல மாட்டேன்"னு சொல்றதும் ஸ்பாய்லர்தான், அதுக்கப்புறம் படிக்கிறவர் கதைய விட்டுட்டு ட்விஸ்டத் தேடிட்டே படிப்பாரு.

இனி கேட்கிற பக்கம். "ஏதாவது நல்ல புக் சொல்லுங்க"ன்னு கேட்டா வந்து விழுறது எப்பவும் அதே பத்து புத்தகம்தான், எல்லாரும் சொல்ற, நீங்க ஏற்கனவே வாங்கி அலமாரியில வெச்சிருக்கிற அதே பத்து. அதுக்குப் பதிலா சமீபத்துல பிடிச்ச ஒண்ணு, ஏன் பிடிச்சுதுன்னு ஒரு வரி, பிடிக்காம போன ஒண்ணு, அது ஏன்னு ஒரு வரி, இப்போ படிக்க எவ்ளோ நேரம் கிடைக்குது, எது மட்டும் வேணாம், இதெல்லாம் போட்டுக் கேளுங்க. பிடிக்காததச் சொல்றதுதான் இதுல ரொம்ப முக்கியம், பிடிச்சதுல இருந்து நூறு திசையில போகலாம், பிடிக்காதது டக்குனு பாதிய மூடிடும். வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் சொல்லத் தேவையில்ல, "குழந்தைங்களுக்கு ஏதாவது ஆகுற கதை வேணாம்"னா வேணாம்தான், ஏன்னு நோண்டாதீங்க.

ஏன் பிடிச்சுதுன்னு சொல்ல வரலன்னா அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. நான்சி பேர்ல்னு அமெரிக்க நூலகர் ஒருத்தர், ஒரு புத்தகத்துக்குள்ள நுழையறதுக்கு நாலு வாசல் இருக்குன்னு சொல்லுவாங்க: கதை, மனுஷங்க, இடம், மொழி. எல்லா புத்தகத்துலயும் நாலும் இருக்கும், ஆனா அளவு மாறும். கதை வாசல் பெருசா இருந்தா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பக்கம் புரட்டிட்டு இருப்பீங்க. மனுஷங்க வாசல் பெருசா இருந்தா முடிஞ்சப்புறம் அந்த ஆளுங்கள விட்டு வந்த மாதிரி ஒரு ஏக்கம் இருக்கும். இடம்னா அந்த ஊர்லயே, அந்தக் காலத்துலயே இருந்துட்டு வந்த மாதிரி இருக்கும். மொழின்னா ஒரு வரிய படிச்சிட்டு நிறுத்தி திரும்பப் படிப்பீங்க, பக்கத்துல யாராவது இருந்தா சத்தமா படிச்சுக் காட்டுவீங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச அஞ்சு புத்தகத்த எழுதி, ஒவ்வொண்ணுலயும் எந்த வாசல் வழியா உள்ள போனீங்கன்னு பக்கத்துல குறிச்சுப் பாருங்க. நான் பண்ணிப் பார்த்தேன், துப்பறியும் கதைதான் எனக்குப் பிடிக்கும்னு நினைச்சிட்டு இருந்தவனுக்கு அஞ்சுல நாலு இடம்னு வந்துச்சு! கொலைகாரன் யாருங்கிறது எனக்கு ஒரு பொருட்டாவே இருந்ததில்ல போல, மழை பெய்யுற அந்த ஊருக்குத்தான் நான் திரும்பத் திரும்ப போயிருக்கேன். அதுக்கப்புறம் துப்பறியும் கதை கேட்கிறத விட்டுட்டு பயண நூல் கேட்க ஆரம்பிச்சேன்.

சிபாரிசு பண்ணும்போதும் இதே வாசல்தான் கணக்கு. ஒருத்தர் ஒரு பேய்க்கதை பிடிச்சுதுன்னு சொன்னா உடனே இன்னொரு பேய்க்கதைய எடுத்து நீட்டக்கூடாது, அதுல எது பிடிச்சுதுன்னு ஒரு கேள்வி கேளுங்க. "அந்தப் பாட்டி கேரக்டர்"னு பதில் வந்தா அவருக்கு வேண்டியது பேய் இல்ல, பாட்டி. ஒரே ஒரு கேள்விதான், இதைக் கேட்காம விட்டுத்தான் நான் ஒரு தடவை நல்லா மாட்டினேன். உடம்பு சரியில்லாம இருந்து எழுந்த ஒரு ஃப்ரெண்டு "லேசா ஏதாவது கொடு"ன்னு கேட்டான், லேசான கதைன்னுதான் ஞாபகம், சிரிப்பா இருக்கும்னு சொல்லி ஒண்ணு கொடுத்தேன், அதுல நடுவுல அறுபது பக்கம் ஆஸ்பத்திரியிலயே நடக்கும்ங்கிறது எனக்கு சுத்தமா மறந்து போச்சு. அவன் ஒண்ணும் சொல்லல, திருப்பிக் கொடுக்கும்போது புக்மார்க் அந்த இடத்துலயே இருந்துச்சு.

ஒரு தடவைக்கு ஒண்ணு சொல்லுங்க, மிஞ்சிப் போனா ரெண்டு. பதினஞ்சு தலைப்பு இருக்கிற லிஸ்ட் கொடுத்தா நமக்குத்தான் பெருமை, வாங்கினவர் அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிட்டு மறந்துடுவாரு. ரெண்டு சொன்னா ஒண்ணு அவர் கேட்டதுக்கு நேரா இருக்கட்டும், இன்னொண்ணு கொஞ்சம் தள்ளி இருக்கட்டும், எது எதுன்னும் சொல்லிடுங்க. "இத படிக்காம எப்படி இருக்கீங்க"ங்கிற டோன் மட்டும் வேணாம், அது எந்தப் புத்தகத்தையும் வீட்டுப்பாடமா மாத்திடும்.

சொல்லும்போது முழு விவரமா சொல்லுங்க. எழுதினவர் பேர், மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்த்தவர் பேர் கண்டிப்பா, ஏன்னா ஒரே நாவலுக்கு ரெண்டு மூணு மொழிபெயர்ப்பு இருந்தா ஒண்ணு ஓடும், இன்னொண்ணு கல்லு மாதிரி இருக்கும், உங்க சிபாரிசு எந்த மொழிபெயர்ப்புக்குன்னு தெரியணும். குழப்பம் வரும்னா பின்னட்டையில இருக்கிற ஐ.எஸ்.பி.என். (ஒவ்வொரு பதிப்புக்கும் தனியா இருக்கிற அடையாள எண்) நம்பரையே போட்டுடலாம், 2007ல இருந்து அது 13 இலக்கம், 978 இல்லன்னா 979ல ஆரம்பிக்கும், தேடுற இடத்துல அத அடிச்சா அதே பதிப்புக்கே கொண்டு போய் விடும். திருட்டு பி.டி.எஃப். லிங்க் போடாதீங்க, எழுதினவரே அந்த க்ரூப்ல இருந்து பார்த்தா எப்படி இருக்கும்னு யோசிங்க (இருந்திருக்காங்க, பார்த்திருக்கேன், தர்மசங்கடம்).

ஸ்டார் ரேட்டிங்க வெச்சு எடை போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. புத்தகங்களுக்கு ரேட்டிங் போடுற குட்ரீட்ஸ் தளத்துல ரெண்டு ஸ்டார்னா "பரவாயில்ல"ன்னு அர்த்தம், மூணுன்னா "பிடிச்சுது", இது அந்த தளமே கொடுத்த விளக்கம். அங்க அரை ஸ்டார் கிடையாது, அதே மாதிரி இன்னொரு தளமான ஸ்டோரிகிராஃப்ல கால் ஸ்டார்கூட போடலாம். ஒருத்தரோட மூணும் இன்னொருத்தரோட மூணும் ஒண்ணு இல்ல, அதனால நம்பர விட்டுட்டு அவர் எழுதின ரெண்டு வரியப் படிங்க. உங்களோட ரசனை ஒத்துப்போற ஆள் ஒருத்தர் கிடைச்சா அவர்தான் ஆயிரம் ரேட்டிங்குக்கு சமம். எப்பவும் உங்களுக்கு நேர் எதிரா ரசிக்கிற ஆளும் அதே அளவு உபயோகம்தான், அவர் "போர் அடிக்குது"ன்னு சொன்ன மூணு புத்தகத்த நான் சந்தோஷமா வாங்கியிருக்கேன்.

பாதியில விடுறதப் பத்தி வெட்கப்படாம சொல்லுங்க. மேல சொன்ன அதே நான்சி பேர்ல் ஒரு கணக்கு வெச்சிருக்காங்க: ஐம்பது பக்கம் படி, ஒட்டலன்னா விட்டுடு. வயசு ஐம்பதுக்கு மேலன்னா நூறுல இருந்து வயசக் கழிச்சு வர்ற பக்கம் படிச்சா போதும், 70 வயசுக்காரருக்கு 30 பக்கம். விட்டுட்டேன்னு சொல்லும்போது எந்த இடத்துல, எதனாலங்கிறதையும் சேர்த்து சொன்னா அதுவும் ஒரு சிபாரிசு மாதிரிதான். "வர்ணனை தாங்கல, விட்டுட்டேன்"னு ஒருத்தர் போட்டா வர்ணனைக்காகவே படிக்கிற நாலு பேர் வந்து நிப்பாங்க.

அடுத்தவர் சொன்னத நீங்க படிச்சு முடிச்சா அவர்கிட்ட போய் சொல்லுங்க, இத எத்தனை பேர் பண்றாங்கன்னு பார்த்தா ரொம்ப கம்மி. பிடிக்கலன்னாலும் சொல்லலாம், "எனக்கு ஒட்டல, ஆனா அந்த ரயில் சீன் மட்டும் மறக்காது, அந்த மாதிரி வேற இருக்கா"ன்னு கேட்டா அவருக்கும் மனசு நோகாது, உங்களுக்கும் அடுத்தது சரியா வந்து சேரும். இதுக்காகவே நான் ஃபோன்ல ஒரு நோட் வெச்சிருக்கேன், புத்தகம் பேர், யார் சொன்னாங்க, என்ன சொல்லி சொன்னாங்க, மூணே கட்டம். அந்த மூணாவது கட்டம் இல்லாம இருந்தப்போ லிஸ்ட்ல நூத்துச் சொச்சம் புத்தகம் இருந்தும் ஒண்ணையும் எடுக்கத் தோணல, ஏன் சேர்த்தோம்னே தெரியாது.

கைமாத்தா நிஜ புத்தகம் கொடுத்து வாங்குறீங்கன்னா, திரும்பி வராட்டி மனசு கஷ்டப்படும்னு தோணுற பிரதிய கொடுக்கவே கொடுக்காதீங்க. மத்தத கொடுக்கும்போது, வாங்கிக்கிறவர் கையில புத்தகத்தோட நிக்கிற மாதிரி ஒரு ஃபோட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிடுங்க, பார்க்க பாசமாவும் இருக்கும், தேதியும் பதிவாயிடும்.