சோனார் திரையில் மீனைத் தேடாதீர்கள், தரையைப் பாருங்கள்

ஒலியை அனுப்பித் தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் சோனார் கருவிதான் ஃபிஷ் ஃபைண்டர். அதைப் புதிதாக வாங்கியவர்கள் திரையில் மீன் தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீன் இப்போது இருக்கும், கொஞ்ச நேரத்தில் நகர்ந்துவிடும். அது ஒதுங்கும் பாரும் (நீரடிப் பாறைத்திட்டு) பாசித்திட்டும் அங்கேயேதான் கிடக்கும். அதனால் முதலில் தண்ணீருக்கு அடியில் உள்ள தரையைப் படிக்கப் பழகுங்கள்.

முதல் வேலை டிரான்ஸ்டியூசர். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்குவது இதுதான். படகின் பின்பலகையில், புரொப்பல்லர் கிளப்பும் நுரை படாத இடத்தில், முகம் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும்படி பொருத்துங்கள்.

அடுத்து, மீன் சின்னம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். மிதக்கும் பாசியைக்கூட அது மீன் என்று காட்டிவிடும். ஆழம் குறைந்த இடத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் போதும். ஒலி கீழே போகப் போகக் கூம்புபோல விரியும். அந்த ஒலிக்கூம்பு 20 டிகிரி என்றால், 10 மீட்டர் ஆழத்தில் உங்கள் கண்ணில் படுவது மூன்றரை மீட்டர் வட்டம்தான். சென்சிட்டிவிட்டியை (எதிரொலியை உணரும் திறன்) திரையில் புள்ளிகள் சிதறத் தொடங்கும் வரை கூட்டி, அப்புறம் கொஞ்சம் குறையுங்கள்.

சரி, இப்போது ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டுங்கள். திரையின் வலது ஓரம்தான் இந்த நொடி. இடப்பக்கம் இருப்பதெல்லாம் கடந்து வந்தது. படகு நின்றாலும் படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்போது நீளமாக ஒரு கோடு விழுந்தால் பெரிய மீன் என்று நினைத்துவிடாதீர்கள், கூம்புக்குள் ஏதோ ஒன்று அசையாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

தரைக்கோட்டை நிதானமாகப் பாருங்கள். சேறு ஒலியை விழுங்கிக்கொள்ளும். கோடு மங்கலாக விழும். கல் என்றால் தடித்துப் பளிச்சென்று தெரியும். பாசி தரையிலிருந்து இழை இழையாக எழுந்து நிற்கும். கல்லை உறுதிசெய்ய எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு: ஆழம் 8 மீட்டர் என்றால் ரேஞ்சை (திரை காட்டும் ஆழ அளவு) தானியங்கியில் விடாமல் 20 மீட்டருக்கு வையுங்கள். தரை கெட்டியாக இருந்தால், 16 மீட்டரில் இன்னொரு தரைக்கோடு தெரியும். ஒலி மேலே வந்து, நீர்மட்டத்தில் மோதி, மறுபடி கீழே போய் வந்ததன் தடம் அது. சேற்றில் அந்த இரண்டாம் கோடு அநேகமாகத் தெரியாது.

இன்னும் சந்தேகமா? கயிற்றில் ஈயக்குண்டை இறக்குங்கள். கல்லில் பட்டால் டொக்கென்று கைக்குத் தெரியும். சேற்றில் புதைந்து, இழுக்கும்போது பிடிக்கும்.

கல் முடிந்து சேறு தொடங்கும் விளிம்புதான் நான் முதலில் தூண்டில் போடும் இடம். அங்கே ஜிபிஎஸ்ஸில் குறி வைத்துவிட்டு, படகைத் திருப்பி அதே இடத்தைக் குறுக்காக ஒருமுறை கடந்து பாருங்கள். அப்போதுதான் அது ஒற்றைக் கல்லா, நீண்டு போகும் பாரா என்பது தெரியவரும்.