உப்புக்காற்று ஊரில் புகையாத விறகடுப்பு

அடுப்பு புகைந்தால் சீமைக்கருவேலத்தைத் திட்ட வேண்டாம். ராமநாதபுரம் கரையோரத்தில் இவ்வளவு எளிதாகக் கிடைத்து, இவ்வளவு நேரம் நின்று எரியும் விறகு வேறு இல்லை. புகை என்பது எரியாமல் தப்பிப் போகும் விறகுதான். பெரும்பாலும் ஈரமோ காற்றோதான் அதற்குக் காரணம்.

பச்சை விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அது ஆவியாகித் தீரும்வரை உலைக்கு ஏற வேண்டிய சூடெல்லாம் விறகுக்கே போய்விடும். மாசி, பங்குனியில் வெட்டுங்கள். முள்ளை வெட்டிய இடத்திலேயே கழித்துவிடுங்கள். ரப்பர் செருப்பையும் துளைத்து ஏறும். ஒன்றரை அடித் துண்டுகளாக்கி, மணிக்கட்டைவிடப் பருமனானதைப் பிளந்துவிடுங்கள். தரையில் போட்டால் கறையான் பிடிக்கும் என்பதால் செங்கல் மேல் அடுக்கி, தலைக்கு மட்டும் தகரமோ தார்ப்பாயோ போடுங்கள். பக்கமெல்லாம் மூடினால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நன்றாகக் காய்ந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் உள்ளே ஏற்றிவிடலாம்.

காய்ந்த துண்டுகள் இரண்டை மோதினால் டங்கென்று கேட்கும், ஈரமானது தொப்பென்று விழும். சந்தேகமாக இருந்தால் ஒரே துண்டை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். குறைவது நின்றால் காய்ந்தாயிற்று. அடுக்கில் கைவிடும் முன் குச்சியால் நாலு தட்டு தட்டுங்கள். தேளுக்கும் விரியனுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

கரை ஒதுங்கிய கட்டையையும் உடைந்த வத்தைப் படகின் பலகையையும் அடுப்பில் வைக்காதீர்கள். ஊறிய உப்பு எரியும்போது வரும் புகை நெஞ்சைக் கரிப்பதோடு கம்பியையும் தகரத்தையும் அரித்துவிடும். பெயின்ட் அடித்த பலகையின் புகை நஞ்சு.

அடுப்பு போட கண்மாய்க் களிமண் ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, நறுக்கிய வைக்கோல் ஒரு கை. கடல் மணல் கூடாது. உப்பு ஈரம் இழுத்துப் பூச்சு உதிரும். பவளக்கல்லும் கூடாது. தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் நிற்கும் கல் அதுதான். சுவருக்குச் சரி, தணலுக்குப் பக்கத்தில் வைத்தால் சுண்ணாம்பு சுடும் காளவாசலில் போல நீறிச் சுண்ணாம்பாகும். ஒருநாள் கஞ்சி பொங்கி வழிந்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இன்று கடலில் இருந்து எடுப்பது குற்றமும் கூட. செங்கல்லே போதும்.

அடுப்பின் வாய் ஐந்து அங்குல அகலம், குழி எட்டு அங்குலம். தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கிக் குறுக்கே நாலைந்து இரும்புக் கம்பி பதியுங்கள். விறகு கம்பி மேல் கிடந்தால்தான் காற்று அடியிலிருந்து ஏறும். கம்பிக்கும் பானை அடிக்கும் ஆறேழு அங்குலம் இருக்கட்டும். பின்னால் மூன்று அங்குல வழி விட்டு இரண்டாவது பானைக்கான கொடியடுப்பு, அதற்கும் பின்னால் நாலு அங்குலப் புகைக்குழாய். உப்புக்காற்றுக்குத் தகரக்குழாய் நாளாகத் தாங்காது. சுட்ட மண் குழாய் நல்லது. ஓலைக்கூரையைத் துளைத்து ஏற்றவே கூடாது. சுவர் வழியே வெளியே எடுத்து, கூரைக்கு விலகி, கூரை முகட்டுக்கு மேல் இரண்டடி நிற்க வையுங்கள். பத்துப் பதினைந்து நாள் நிழலில் காய்ந்த பிறகு முதலில் சிறு தீ. எடுத்ததும் பெருந்தீ போட்டால் வெடித்துவிடும்.

சமைப்பவர் கிழக்கு பார்க்க வேண்டும் என்று அடுப்பு போடுவது வழக்கம். அப்போது அடுப்பு வாய் மேற்கே பார்க்கும். அந்தப் பக்கம் வாசலோ சன்னலோ இருந்தால் கச்சான் நேராக வாய்க்குள் புகுந்து தீயைப் பானைக்கு வெளியே தள்ளும். விறகு இரட்டிப்பாகும், சோறு வேகாது. திசையை மாற்ற மனமில்லை என்றால் மேற்கே இடுப்புயரச் சுவர் வையுங்கள். குழாய் உச்சியில் மூடி இல்லாவிட்டால் வாடைக் காலத்தில் புகை அப்படியே கீழே திரும்பும்.

பற்றவைக்கப் பன்னாடையும் காய்ந்த சுள்ளியும் போதும், மண்ணெண்ணெய் வேண்டாம். கட்டைவிரல் பருமன் இரண்டு பிடித்த பிறகு பெருவிறகு. நுனி மட்டும் உள்ளே, எரிய எரியத் தள்ளுங்கள். இரண்டு மூன்று துண்டுக்கு மேல் திணித்தால் வாயடைத்து மூச்சு முட்டும். காலையில் முகத்தில் புகை அடித்தால் குழாய் குளிர்ந்து கிடக்கிறது. குழாயின் அடியில் ஓலைத்துண்டு ஒன்றைக் கொளுத்தினால் இழுக்கத் தொடங்கும். அப்போதும் இழுக்காவிட்டால் உள்ளே கரி அடைத்திருக்கும். மாதம் ஒருமுறை தென்னந்துடைப்பத்தை நீளக் கம்பில் கட்டி இடித்து எடுங்கள்.

மார்கழி வாடைக்குத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைப்பது, அதுவும் பிள்ளை பெற்ற தாய் இருக்கும் அறையில், உயிருக்கே ஆபத்து. புகையே இல்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும்; மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் கண்டால் ஆளை உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள்.