காப்பீடு இல்லாமல் பல் வைத்தியம்: செலவு குறைந்த இடங்களைப் பிடிப்பது எப்படி

வலி வந்த பிறகு இடம் தேடினால் பக்கத்தில் எது திறந்திருக்கிறதோ அங்கேதான் போய் உட்காருவோம். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருவோம். வலி இல்லாத நாளிலேயே இரண்டு மூன்று இடங்களின் எண்ணையும், புது நோயாளிகளைப் பதியும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

முதலில் விசாரிக்க வேண்டியது பல் மருத்துவக் கல்லூரி. மாணவர் கை வைப்பார் என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மாணவர் அடுத்ததற்குப் போக முடியும். தாமதத்துக்குக் காரணமும் அதுதான். தனியார் கிளினிக்கில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இங்கே அரை நாள் போகலாம், ரூட் கெனாலுக்கு (பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) மூன்று நான்கு தடவை வர வேண்டியிருக்கலாம். பணத்தில் மிச்சப்படுத்துவதை நேரத்தில் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

போன் செய்யும்போது "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டால் உருப்படியான பதில் வராது. எந்தப் பல் என்று சொல்லுங்கள். முன்பல்லில் வழக்கமாக ஒரே ஒரு வேர்க்கால்வாய், அதாவது வேருக்குள் நரம்பு ஓடும் குழாய். கடைவாய்ப் பல்லில் மூன்று, சில சமயம் நான்கு. அதனால் வேலையும் கட்டணமும் கூடும், பெரும்பாலும் முதுநிலை மாணவர்களிடம் அனுப்புவார்கள். கேப், பல் செட் என்றால் லேப் கட்டணம் தனியா என்று கேளுங்கள். சிகிச்சை மலிவாக முடிந்து, லேப் பில்லில் அதிர்ச்சி அடைகிறவர்கள் நிறைய. தேர்வும் விடுமுறையும் எப்போது என்பதையும் கேட்டுவிடுங்கள். ரூட் கெனால் பாதியில் நின்று, தற்காலிக அடைப்போடு வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அடைப்பு தேய்ந்து எச்சில் உள்ளே கசியும், கிருமி மறுபடி புகும். சில சமயம் பல்லே பிளந்துவிடும். பிறகு பிடுங்குவதைத் தவிர வழி இருக்காது.

அரசு மருத்துவமனைகளிலும் தொண்டு அமைப்புகளின் கிளினிக்குகளிலும் பல் பிடுங்குவது எளிதாகக் கிடைக்கும். ரூட் கெனாலும் கேப்பும் எல்லா இடத்திலும் இருக்காது. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் இடமாக இருந்தால் வருமானச் சான்றும் முகவரிச் சான்றும் முதல் நாளே கையில் இருக்கட்டும். இலவச முகாம் என்றால் ஒரு கேள்வி போதும்: "அங்கேயே சிகிச்சை உண்டா, பரிசோதித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு சரியா?" பிடுங்கிய இடத்தில் மறுநாள் ரத்தம் நிற்காவிட்டாலோ வீங்கினாலோ யாரிடம் போவது என்பதையும் முகாம் கலைவதற்குள் கேட்டு வையுங்கள்.

எங்கே போனாலும் சிகிச்சைத் திட்டத்தைப் பல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். பல நாடுகளில் இரண்டு இலக்க எண் போடுவார்கள்: முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பது, இரண்டாவது நடுவிலிருந்து எண்ணினால் எத்தனையாவது பல் என்பது. 36 என்றால் கீழ்த்தாடையில் உங்கள் இடப்பக்கம், ஆறாவது பல், அதாவது முதல் கடைவாய்ப் பல். எக்ஸ்ரே நகலையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த இடத்தில் அதற்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்காது.

பட்டியல் நீளமாக இருந்தால் மிரளாதீர்கள். ஒவ்வொரு பல்லுக்கும் "ஆறு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். சீழும் வீக்கமும் முதலில். அடுத்து வலி, பிறகு நரம்பை நெருங்கும் சொத்தை. விழுந்த பல்லுக்கு மாற்று வைப்பதும் பல்லை வெள்ளையாக்குவதும் காத்திருக்கலாம். சிறிய சொத்தைதானே என்று அதையும் தள்ளிப்போடக் கூடாது. இன்று ஒரு அடைப்போடு போவது பிறகு ரூட் கெனால், கேப் என்று பல மடங்காகிவிடும்.

மலிவான மாற்றுகளை டாக்டர் தானாகச் சொல்லாமல் இருக்கலாம், நீங்கள் கேளுங்கள். சொத்தைக் குழியை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட், சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டயமைன் ஃபுளூரைடு இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இரண்டாவதைத் தடவினால் சொத்தை இருக்கும் இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும். குழந்தைகளின் பால் பற்களுக்கும் உள்பக்கப் பற்களுக்கும் அது பெரிய குறையில்லை. பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் பிடிக்க வைக்கும் மாற்றுப் பல்), இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் மாற்றுப் பல்) கட்டுப்படியாகாவிட்டால் கழற்றி மாட்டும் பல் செட் போதும்.

மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கி நாளைக் கடத்துவது வீண் செலவு. வேரில் இருக்கும் தொற்றை அது வெளியேற்றாது. வலி தணிந்தாலும் திரும்ப வரும். வலிக்கிற ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைப்பதும் வேண்டாம், தோல் வெந்துவிடும். வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்துக்கோ பரவினால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், பல் கிளினிக் வரிசையில் நிற்காதீர்கள். நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மரத்துப்போகும் ஊசி மட்டும்தான் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றில் மயக்கம் வரும். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டு போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பல் பிடுங்கப் போகிறோமே என்று தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. நிறுத்தவேண்டுமா என்பதை மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால், ஒரு நாள் வீணாகித் திரும்பி வருவதும் மிச்சம்.